அவ்வளவுதான் இடம்

"எதுக்கு தம்பி நோட்டு?" என்று கேட்டார், திருநெல்வேலி டவுன் ரத வீதியில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி.

நியாயமான கேள்விதான். அவர் கடையில் நோட்டு என்பது ஒரு பொருள் கிடையாது, ஐம்பது பொருள். நாலு கோடு நோட்டு, கட்டம் போட்ட கணக்கு நோட்டு, லாங் சைஸ், கிங் சைஸ், ஒரு குயர், ரெண்டு குயர், சிவப்புத் துணியில் முதுகு ஒட்டிய பேரேடு, பால் கணக்கு எழுதும் உள்ளங்கையளவு நோட்டு. எதற்கு என்று தெரிந்தால்தான் அவரால் அளவு சொல்ல முடியும்.

"சும்மா, தினமும் கொஞ்சம் எழுதி வைக்க."

"டைரியா? அது ஜனவரியோட முடிஞ்சுபோச்சே. பழசு நாலஞ்சு கெடக்கு, பாதி வெலைக்கு எடுத்துக்கிடுங்க."

"தேதி போட்டது வேண்டாம் அண்ணாச்சி."

"தேதி இல்லாம என்ன டைரி?"

அங்கே நின்றுகொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. பின்னால் ஒரு பிள்ளை ஜியாமெட்ரி பாக்ஸுக்குக் காத்திருந்தது. பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன். ஒரு நாளுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்ற சின்னக் கேள்விதான். ஆனால் அது 2023 டிசம்பர் வெள்ளத்திலிருந்து என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

*

முதலில் நடைமுறை. பத்து வருஷமாக விட்டு விட்டு நாட்குறிப்பு எழுதுகிறேன். எல்லா அளவிலும் எழுதித் தோற்றிருக்கிறேன்.

வேலைக்குப் போன புதிதில் வாங்கியது ஏ4. 210 மில்லிமீட்டருக்கு 297. கெட்டி அட்டை. அதைத் திறந்தால் மேடை ஏறிய மாதிரி இருக்கும். இரவு பதினோரு மணிக்கு அவ்வளவு பெரிய வெள்ளைப் பக்கத்தைப் பார்த்ததும் கை தானாகவே "இன்றைய சூழலில்" என்று ஆரம்பிக்கும். பக்கத்தை நிரப்ப வேண்டுமே! ஒரு சண்டையைப் பற்றி எழுத உட்கார்ந்து, மனித உறவுகளைப் பற்றி உபந்நியாசம் செய்துவிட்டு எழுந்திருப்பேன்.

அடுத்து அதற்கு நேர்மாறாக ஏ6, சட்டைப் பைக்குள் போகும் அளவு. 105-க்கு 148. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்த அளவு தோதுப்படலாம். தமிழுக்கு ஒரு வரிக்கு மூன்று சொல் வந்தால் பெரிது. 'போயிருக்கவேண்டியதில்லை' என்று எழுதினால் ஒரு வரி காலி. அதனால் போயிருக்கவேண்டியதில்லை என்று தோன்றினாலும் 'போனேன்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம். வருத்தம் நீளமான சொல். தகவல் குட்டையான சொல். சின்ன நோட்டு தகவலுக்குத்தான் இடம் கொடுக்கும்.

போனில் எழுதலாமே என்பார்கள். எழுதினேன். அங்கே ஓரம் என்பதே இல்லை, உருட்டிக்கொண்டே போகலாம். அதைவிட மோசம், நேற்று எழுதியதை இன்று திருத்தினால் தடம் தெரியாது. நோட்டில் அடித்தால் அடித்தது தெரியும்.

ஏ4-ஐ மடித்தால் ஏ5, ஏ5-ஐ மடித்தால் ஏ6. எத்தனை மடித்தாலும் வடிவம் மாறாது. நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் இரண்டின் வர்க்கமூலமாக, ஏறத்தாழ 1.414 ஆக, இருப்பதுதான் காரணம். 1922-இல் ஜெர்மனியில் தரமாக்கப்பட்டு, 1975-இல் உலகத் தரமான அளவு இது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, 1786-இல், ஒரு கடிதத்தில் இந்த விகிதத்தைப் பற்றி எழுதியவர் லிச்டன்பெர்க் என்ற ஜெர்மானிய இயற்பியல் பேராசிரியர். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. தாளின் கச்சிதமான விகிதத்தைப் பற்றி யோசித்த அந்த ஆள், தன் சொந்தக் குறிப்பு நோட்டுகளுக்கு வைத்த பெயர் ஏறக்குறைய 'கிறுக்கல் நோட்டு' என்று பொருள்படும். இங்கிலாந்து வியாபாரிகள் அன்றன்றைக்கு நடந்ததை ஒழுங்கில்லாமல் ஒரு 'வேஸ்ட் புக்'கில் போட்டுவிட்டு, பிறகு அதை நாளேட்டுக்கும், அங்கிருந்து பேரேட்டுக்கும் ஏற்றுவார்கள். சிந்திக்கிறவனுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று அவர் நினைத்தார்.

நம் மளிகைக் கடைக்காரர்களுக்கு இது புதிதில்லை. சிட்டையில் கிறுக்குவார்கள், பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேட்டுக்குத்தான் மஞ்சள், குங்குமம், பிள்ளையார் சுழி எல்லாம். சிட்டைக்கு ஒரு மரியாதையும் கிடையாது. ஆனால் கடன் தகராறு வந்தால் முதலில் தேடுவது சிட்டையைத்தான், பேரேட்டில் ஏற்றும்போது விட்டுப்போனது அதில் இருக்கும்.

*

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நடுவழியில் நின்றது. தாமிரபரணி கரை புரண்டதில், சிந்துபூந்துறையில் எங்கள் வீட்டுக்குள்ளும் முழங்கால் தண்ணீர். பத்து நாள் கழித்து நான் ஊருக்கு வந்தபோது அம்மா பீரோவின் கீழ்த்தட்டில் இருந்ததையெல்லாம் மொட்டைமாடியில் பரப்பியிருந்தாள். என் ஏ4 நோட்டுகள் இரண்டும் உப்பி, பேனா மை கரைந்து, ஊதா நிறத்தில் கூழாகியிருந்தன. அதில் எனக்குப் பெரிய துக்கம் வரவில்லை, உபந்நியாசம்தானே.

பக்கத்திலேயே ஓர் அட்டைப்பெட்டியில் அப்பாவின் பாக்கெட் டைரிகள். உரக்கம்பெனி, சீட்டுக்கம்பெனி, ஏதோ மருந்துக்கம்பெனி என்று இலவசமாகக் கிடைத்தவை. இருபத்தெட்டு வருஷத்து டைரிகள். பால்பாயின்ட் பேனாவில் எழுதியதால் நீர் பட்டும் எழுத்து அப்படியே நின்றது.

"ஈர நாத்தம் தாங்கல. தூக்கி ஆத்துல போட்டுட்டு வா" என்றாள் அம்மா.

அவள் சொன்னதில் தப்பில்லை. இந்த ஊரில் ஏட்டை ஆற்றில் விடுவதும் நெருப்பில் இடுவதும் பழைய வழக்கம்தான். உ.வே.சாமிநாதையர் சுவடி தேடி இந்தப் பக்கமெல்லாம் அலைந்தபோது, கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் இருந்த ஏடுகளைப் பற்றி விசாரிக்கிறார். அவை சாஸ்திரப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போடப்பட்டுவிட்டன என்று பதில் வருகிறது. 'என் சரித்திரம்' படித்த யாரும் அந்த இடத்தை மறக்க முடியாது.

ஓலையையும் இந்த அளவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அதன் அகலத்தைத் தீர்மானிப்பது பனைமரம். இரண்டு மூன்று விரல்கடைதான் கிடைக்கும். எழுத்தாணியால் கீறும்போது ஓலை கிழிந்துவிடக் கூடாது என்று பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பதையும் வாசிப்பவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். செய்யுளைக்கூட வரி பிரிக்காமல் ஓட்டமாக எழுதினார்கள், ஓலை மிச்சமாகுமே. அவ்வளவு சிக்கனம். ஆனாலும் ஓலைக்கு ஒரு தாராளம் உண்டு. ஓர் ஓலை நிரம்பினால் அடுத்த ஓலையை எடுத்துக் கயிற்றில் கோத்துக்கொள்ளலாம். 'இந்தப் பாட்டுக்கு இத்தனை ஓலைதான்' என்று யாரும் முன்கூட்டி அச்சடித்துக் கொடுக்கவில்லை.

அச்சடித்துக் கொடுத்தது கம்பெனி டைரி.

*

ஆற்றில் போடுவதற்கு முன்னால் புரட்டினேன். அப்பா கொக்கிரகுளத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பக்கத்துக்கு இரண்டு தேதி போட்ட டைரி. ஒரு நாளுக்கு ஆறு வரி. அவர் ஒரு நாளும் ஏழாவது வரிக்குப் போனதில்லை. 'ரேஷன் வாங்கியாச்சு.' 'பீஸ் கட்டியாச்சு.' 'சைக்கிளுக்கு டயர் மாத்தியாச்சு.' நான் ஒன்பதாவது படிக்கும்போது கை ஒடிந்தது ஒரு வரி: 'கட்டுப் போட்டாச்சு.' சிரிப்பு வந்தது. பிரியமாகவும் இருந்தது.

அப்புறம் 1999 டைரி கைக்கு வந்தது. எந்தத் தேதியைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரிந்துதான் புரட்டினேன்.

23 ஜூலை. வெள்ளி. 'ஆபீஸ். மதியத்துக்கு மேல் கலவரம். ஜன்னல் சாத்தியாச்சு. பாலம் அடைப்பு. வீடு வர இரவு 8. தேங்காய் 2.'

இளம் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக, கூலி உயர்வு கேட்டும் சிறையிலிருந்தவர்களை விடுவிக்கச் சொல்லியும், பல கட்சிகள் சேர்ந்து கலெக்டர் ஆபீஸை நோக்கி ஊர்வலம் வந்தன. கொக்கிரகுளத்தில் ஆற்றையொட்டிய இடத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்க ஆற்றில் இறங்கியவர்கள் மேலே வர முடியவில்லை. 17 பேர் செத்தார்கள். அதில் பெண்கள் உண்டு, ஒரு கைக்குழந்தையும் உண்டு. நீதிபதி மோகன் தலைமையில் விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். ஆர்.ஆர். சீனிவாசன் 'நதியின் மரணம்' என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார். வருஷா வருஷம் ஜூலை 23-இல் ஆற்றங்கரைக்கு மாலையோடு ஆட்கள் வருகிறார்கள். எனக்கு அப்போது பத்து வயது. வீட்டில் யாரும் எதுவும் பேசவில்லை என்பது மட்டும்தான் நினைவு.

மாடியிலிருந்து இறங்கி வந்து டைரியை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். மூடி என்னிடம் தந்தார்.

"இவ்வளவுதான் எழுதிருக்கீங்களாப்பா?"

"அதுல எடமே அவ்வளவுதாம்ல."

இந்த ஒரு வரியைத்தான் நான் இரண்டு வருஷமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். பொய் இல்லை, ஆறு வரிதான் இடம். ஆனால் அந்த ஆறு வரிக்குள் தேங்காய்க்கு இடம் இருந்திருக்கிறது.

*

என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. டேட்டாபேஸில் ஒரு கட்டத்துக்கு இத்தனை எழுத்துதான் என்று நாம் முதலிலேயே அளவு வைப்போம். அதைவிட நீளமாக ஏதாவது வந்தால்? பழைய மைஎஸ்க்யூஎல் சாதாரணமாக என்ன செய்யும் என்றால், மிச்சத்தை வெட்டிப் போட்டுவிட்டு உள்ளே வைத்துக்கொள்ளும். ஓர் எச்சரிக்கையை ஓரமாக எழுதி வைக்கும், யாரும் பார்க்க மாட்டோம். வெளியே பார்த்தால் எல்லாம் பத்திரமாகச் சேமிக்கப்பட்ட மாதிரியே இருக்கும். 2015-இல் வந்த 5.7 பதிப்பிலிருந்துதான் இது மாறியது. இப்போது இடம் போதாவிட்டால் 'முடியாது' என்று பிழை காட்டி மறுத்துவிடும். ஜூனியர்கள் இதைத் தொல்லை என்பார்கள். நான் கருணை என்பேன். வெட்டியதைச் சொல்லாமல் வைத்துக்கொள்வதைவிட, கொள்ளவில்லை என்று கத்துவது மேல்.

குறுஞ்செய்திக்கு 160 எழுத்து என்று வந்த கதையும் இப்படித்தான். 1985 வாக்கில் ஜெர்மனியில் ஹில்லபிராண்ட் என்ற பொறியாளர் தட்டச்சில் வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்தார். அஞ்சலட்டைகளில்கூட மக்கள் 150 எழுத்தைத் தாண்டுவது குறைவு என்பதையும் சான்றாக எடுத்துக்கொண்டார். அஞ்சலட்டையில் அவ்வளவுதான் எழுதினார்கள், சரி. அட்டை அவ்வளவுதானே! இடம் குறைவாக இருந்ததால் குறைவாகச் சொன்னார்களா, சொல்ல அவ்வளவுதான் இருந்ததா என்று எண்ணிக்கை சொல்லாது.

சின்ன இடம் என்றாலே குறை என்று நான் சொல்ல வரவில்லை. ஏழு சீரில் குறள் எழுதிய மொழியில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் குறளுக்கு ஏழு சீரைத் தேர்ந்தவன் எழுதியவன். அப்பாவின் ஆறு வரியைத் தேர்ந்தது உரக்கம்பெனி. கல்யாணத்துக்கும் ஆறு வரி, சாவுக்கும் ஆறு வரி, ஒன்றுமே நடக்காத செவ்வாய்க்கிழமைக்கும் ஆறு வரி. எல்லா நாளும் சமம் என்று அச்சடித்த ஒரு பொய்யோடுதான் தேதி டைரி பிறக்கிறது. என் புகார் தாளின் அளவு மீது குறைவு, அந்தக் கோட்டின் மீதுதான் அதிகம். நாளுக்கும் நாளுக்கும் நடுவே போட்டிருக்கிற கோடு.

இன்னொன்றும் கவனித்தேன். இது தமிழ் சார்ந்த சங்கதி. நம் வினைச்சொல் முடியும்போது யார் செய்தது என்று சொல்லியே ஆக வேண்டும். சாத்தினேன், சாத்தினான், சாத்தினார்கள். தப்பிக்க எளிதான ஒரு வழி: ஆச்சு. சாத்தியாச்சு. வாங்கியாச்சு, கட்டியாச்சு, முடிச்சாச்சு. வேலை நடந்திருக்கும், ஆள் இருக்க மாட்டான். டைரி, ஆபீஸ் குறிப்பு, வாட்ஸப் பதில் என்று சுருக்கமாக எழுதும் இடமெல்லாம் நாம் இந்த ஆச்சுவுக்குள் போய் ஒளிந்துகொள்கிறோம். சுருக்கம் கருதித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணிப் பாருங்கள்: 'சாத்தியாச்சு' ஆறு எழுத்து. 'சாத்தினேன்' ஐந்துதான்.

*

அன்று ராத்திரி கரண்ட் இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் அது வருவதும் போவதுமாக இருந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அப்பா தானாகவே ஆரம்பித்தார்.

"ஜன்னல நான்தாம்ல சாத்துனேன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"ஆத்தப் பாத்த ஜன்னலு. வெளிய ஒரே சத்தம். பெரிய ஆபீசர் உள்ள இருந்து சாத்துங்கன்னு சொன்னாரு. நான்தான் பக்கத்துல உக்காந்திருந்தேன். சாத்திட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "சாத்தலன்னா மட்டும் என்ன செஞ்சிருப்பேன்? ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டேன். பாத்திருப்பேன்" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. கரண்ட் வந்ததும் எழுந்து போய் டிவியைப் போட்டார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைக்க விரும்பவில்லை. ஒரு மகனுக்கு அப்பாவை விசாரிப்பதில் ஒரு ருசி இருக்கிறது. அவர் கையில் ஒரு முழுப் பக்கம் இருந்திருந்தால், ரெண்டு குயர் நோட்டு இருந்திருந்தால், எழுதியிருப்பாரா? இடம் இருந்தால் நேர்மை வருமா? சென்னைக்குத் திரும்பும் ரயிலில் விருதுநகர் தாண்டும்வரை இந்தக் கேள்வியை வைத்து அவரைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு என் ஏ4 நோட்டு ஞாபகம் வந்தது.

வெள்ளத்தில் கூழானவை பழைய நோட்டுகள். சென்னையில் இன்னொன்று இருந்தது. வந்து எடுத்துப் பார்த்தேன். அந்த வருஷம் என் கம்பெனியில் ஆட்குறைப்பு. குழுத் தலைவர்கள் ஆளுக்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டும் என்றார்கள். நான் கொடுத்தேன். இரண்டரை வருஷம் என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பையன். சங்கரன்கோவில் பக்கம். வேலையில் சுமார்தான், ஆனால் அவனைவிடச் சுமாரான ஒருவர் குழுவில் இருந்தார். அவர் என் மேலாளருக்கு வேண்டியவர். அன்று இரவு நான் எழுதியது முழுசாக நான்கு ஏ4 பக்கம். சந்தை நிலவரம், கடந்த இரண்டு காலாண்டு, ஒரு தலைவனின் தனிமை, கடினமான முடிவுகளின் இயல்பு. 'பெயர் கொடுக்கப்பட்டது' என்று ஒரு வாக்கியம். பையன் பெயர் நான்கு பக்கத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை.

அப்பாவிடம் ஆறு வரிதான் இருந்தது. எனக்கோ நூறு வரிக்கு மேல். ரெண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் விட்டிருக்கிறோம். அவருடையதிலாவது 'ஜன்னல்' இருக்கிறது. ஜன்னல் என்று எழுதியதால்தான் இருபத்துநாலு வருஷம் கழித்து நான் கேட்க முடிந்தது. புள்ளி வைக்காத ஓலை மாதிரி, எழுத்து இருந்தது, வாசிக்கிறவன் புள்ளி வைத்துக்கொள்ளலாம். என் நாலு பக்கத்தில் எங்கே புள்ளி வைப்பது?

*

பெரிய பக்கம் பெரிய சாக்குகளுக்கும் இடம் கொடுக்கும் என்பதற்கு என்னைவிடப் பெரிய ஆளாக ஒருவரைச் சொல்லலாம். புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 செப்டம்பரில் ஆரம்பித்து 1761 ஜனவரி வரை, இருபத்து நான்கு வருஷத்துக்கு மேல் நாட்குறிப்பு எழுதினார். ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும் 12 தொகுதி. வியாபாரி கை. கப்பல் வந்தது, சரக்கு விலை, யார் யாருக்கு எவ்வளவு லஞ்சம், கவர்னர் காதோடு சொன்னது, எல்லாம் ஒரே ஓட்டம். அவர் எழுதியதற்கு யாரும் கோடு போட்டுக் கொடுக்கவில்லை. ஒரு நாள் இரண்டு வரி, இன்னொரு நாள் பத்துப் பக்கம்.

1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த சமயம், புதுச்சேரி வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்கள். பிள்ளை அப்போது அதிகாரத்தின் பக்கத்தில் இருந்தவர், தடுக்க முடியவில்லை. அந்த நாட்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். துய்ப்ளேயின் மனைவி, பாதிரிமார், ஒற்றுமை இல்லாத ஊர்ப் பெரியவர்கள், ஒவ்வொருவர் மேலும் அவருக்கு ஆத்திரம். வாசிக்கும்போது எனக்குப் பட்டது, அதில் பிறரைக் குறை சொல்லும் இடம் நீளம், தன்னைக் கேட்டுக்கொள்ளும் இடம் குட்டை. இருந்தாலும் அவரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். யார் வந்தார், யார் என்ன சொன்னார், தான் எங்கே இருந்தார் என்று எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் அளவுக்கு அவர் வெட்டவில்லை. முந்நூறு வருஷம் ஆகப்போகிறது, இன்றைக்கும் அந்தப் பக்கங்களை வைத்து அவரோடு வழக்காட முடிகிறது. என்னுடைய நாலு பக்கத்தை வைத்து என்னோடு வழக்காடவே முடியாது. அப்படிக் கச்சிதமாக எழுதியிருக்கிறேன்.

ஆகவே அளவு விஷயத்தில் நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். எந்த அளவு நோட்டும் நம்மை உண்மை பேச வைக்காது. ஆனால் சில அளவுகள் சாக்குச் சொல்ல உதவும். 'இடம் அவ்வளவுதான்' என்ற சாக்கு சின்னதில் கிடைக்கும். 'நிரப்ப வேண்டியிருந்தது' என்ற சாக்கு பெரியதில். இரண்டும் கிடைக்காத ஒன்றை வாங்க வேண்டும். தேதி இல்லாதது முதல் தேவை. ஒரு நாள் ஒரு வரியிலும் முடியலாம், அடுத்த நாளின் இடத்தையும் தின்னலாம். பக்கம் ஓர் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசாக இருந்தால் போதும், ஏ5 மாதிரி. தமிழில் ஒரு வரிக்கு ஐந்தாறு சொல் வரும், வினைச்சொல்லை முழுசாக முடிக்கலாம். தாள் மட்டமானதாக இருக்க வேண்டும். தோல் அட்டை, தங்க விளிம்பு என்று போனால் மறுபடி பேரேடுதான், கை அலங்காரம் தேடும். நமக்கு வேண்டியது சிட்டை. பால்பாயின்ட் பேனா, காரணம் தாமிரபரணி.

இது எல்லாருக்குமான விதி என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. ரகசியமாக எழுத வேண்டியவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வந்ததாக அவளே பின்னாளில் சொன்னாள். அரிசிப் பானைக்குள் ஒளிக்கக்கூடிய அளவுதான் அவளுக்குச் சரியான அளவு. அவளிடம் போய் நான் ஏ5 என்று சொன்னால் அது அயோக்கியத்தனம். நான் பேசுவது, ஒளிக்க வேண்டிய அவசியம் இல்லாமலேயே ஒளிக்கிற என்னைப் போன்றவர்களைப் பற்றி.

*

அண்ணாச்சி கடையில் தேதி இல்லாத, கோடு போட்ட, 160 பக்க நோட்டு ஒன்றைத் தேடிப் பிடித்தோம். ஏ5-க்கு ஒரு விரல் அகலம் கூடுதல், பரவாயில்லை. அட்டையில் ஒரு மயில். வீட்டுக்குக் கொண்டுபோனதும் அப்பா வாங்கிப் பார்த்தார். விலை கேட்டார். "இதுக்கா இவ்வளவு? ஜங்ஷன்ல கொறைச்சுத் தருவான்" என்றார். பிறகு நடுப்பக்கத்தைத் திறந்து, தாளை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

டைரிகளை ஆற்றில் போடவில்லை. வெயிலில் காய வைத்து மேல்தட்டுக்கு ஏற்றியிருக்கிறேன். அம்மாவுக்கு இன்னும் அந்த வாடை பிடிக்கவில்லை.

மயில் நோட்டில் இதுவரை பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது. மூன்றாவது பக்கத்தில் அந்தப் பையன் பெயரும், கொடுத்தேன் என்ற சொல்லும் இருக்கின்றன. ஒன்றரை வரிதான் பிடித்தது. அடுத்த வரியில் அவன் போன் நம்பரை எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் கூப்பிடவில்லை. அதற்குக் கீழே நல்லெண்ணெய் விலை.